ஞானப்பல்லுக்கு அறுவை: உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

கடைவாய்ப் பல் ஒன்றை அறுவை செய்து எடுக்க வேண்டும் என்று சொன்னதும், எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஏனுங்க டாக்டர், மாத்திரையிலேயே சரியாகாதுங்களா?" என்பதுதான். அடுத்த கேள்வி, "நோம்பி முடிந்து வந்து எடுத்துக்கொள்ளட்டுங்களா?" நோம்பி முடியும். பிறகு மஞ்சள் வெட்டு வரும், அதற்கடுத்து மகள் வீட்டுச் சீர் வரும். நடுவே பல் வீங்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் நான்கு மாத்திரை வாங்கி விழுங்கி நாளைக் கடத்துவார்கள். கடைசியில் வாயைத் திறக்க முடியாமல், கன்னம் பருத்து, காய்ச்சலோடு வந்து நிற்பார்கள். ஈரோடு, காங்கேயம், பல்லடம் பக்கத்தில் பல் வைத்தியம் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பழகிய காட்சி.

தள்ளிப்போடுவதற்குக் காரணம் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம், நாற்காலியில் சாய்த்த பிறகு வாய்க்குள் என்ன நடக்கிறது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லாததுதான். அறுவை என்றால் இன்னும் பலமாக இழுப்பார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறானது. பலத்தைக் குறைப்பதற்காகத்தான் அறுவையே செய்கிறோம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

பல் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது

வளர்ந்த ஒருவருக்கு மொத்தம் 32 பற்கள். மேலும் கீழுமாக, ஒவ்வொரு பக்கத்தின் கோடியிலும் மூன்று கடைவாய்ப் பற்கள் இருக்கும். முதலாவது ஆறு வயதையொட்டி முளைக்கிறது. இரண்டாவது 12 வயதையொட்டி. மூன்றாவது, வந்தால், 17 முதல் 25 வயதுக்குள் வரும். இதைத்தான் ஞானப்பல் என்கிறோம். சிலருக்கு ஒன்றிரண்டு முளைப்பதே இல்லை. இன்னும் சிலருக்குப் பல் உருவாகியிருக்கும், ஆனால் தாடையில் இடமில்லாமல் பாதி வந்தும் வராமலும் எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பல்லின் வேர் தாடை எலும்பில் சிமென்ட் வைத்துப் பூசியதுபோல் ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே மிக மெல்லிய நார்த் திசு ஒன்று சுற்றிலும் இருக்கிறது. கால் மில்லிமீட்டர் அளவே தடிமன். பல்லைத் தொங்கவிட்டுத் தாங்குவது இந்த நார்கள்தான். சாதாரணமாகப் பல் எடுக்கும்போது, நெம்புகோல் போன்ற மெல்லிய கருவியை வேரின் ஓரத்தில் நுழைத்து இந்த நார்களை அறுத்து, பிறகு குறடால் பிடித்து முன்னும் பின்னுமாக மெதுவாக அசைக்கிறோம். எலும்பு சிறிது விரிந்து கொடுக்கிறது. பல் வெளியே வருகிறது. முன்பல்லுக்கு ஒரே வேர், எளிதாக வந்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர்கள், மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று. மூன்று வேரும் மூன்று திசையில் விரிந்திருந்தால், ஒரே வழியில் இழுத்து மூன்றையும் எடுக்க முடியாது.

செம்மண் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கியவர்களுக்கு இது உடனே புரியும். மண் காய்ந்து இறுகியிருக்கும்போது தண்டைப் பிடித்து இழுத்தால் கிழங்கு பாதியில் ஒடிந்து மண்ணுக்குள் தங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் சுற்றி மண்ணைக் கிளறி இளக்கிவிட்டு, கிழங்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே எடுப்பார்கள். கடைவாய்ப் பல் அறுவையின் அடிப்படையும் இவ்வளவுதான்: சுற்றியுள்ள எலும்பில் கொஞ்சம் நீக்கி இடம் உண்டாக்குவது, தேவைப்பட்டால் பல்லையே துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் அது வரக்கூடிய திசையில் எடுப்பது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

ஞானப்பல் இருக்கிறது என்பதற்காகவே அதை எடுக்க வேண்டியதில்லை. நேராக முளைத்து, எதிர்ப் பல்லோடு சேர்ந்து மென்று, பிரஷ் எட்டும் இடத்தில் இருந்தால் அது நல்ல பல், விட்டுவிடுங்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார வழிகாட்டு அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே, நோய் எதுவும் இல்லாமல் புதைந்திருக்கும் ஞானப்பற்களை முன்கூட்டியே எடுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. "இப்போதே எடுத்துவிட்டால் பிற்காலத்தில் தொல்லை இருக்காது" என்று மட்டும் காரணம் சொல்லி நான்கு பற்களையும் எடுக்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் காட்டிக் கேட்பதில் தவறில்லை.

தொல்லை தரும் பல்லின் கதை வேறு. பாதி முளைத்த ஞானப்பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கும். அந்த மூடிக்கு அடியில் உணவுத் துணுக்குகள் போய்ச் சேரும். எந்தப் பிரஷும் அங்கே போகாது. கிருமிகள் பெருகி ஈறு வீங்கும். வீங்கிய ஈற்றை எதிர்ப் பல் கடிக்கும். கடிபட்டதால் இன்னும் வீங்கும். காதுவரை வலி பரவும், எச்சில் விழுங்கினால் குத்தும், வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், ஆனால் மூடியும் இடுக்கும் அப்படியேதான் இருக்கின்றன. அதனால் இரண்டு மாதத்தில் மறுபடி வரும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் அறுவைக்கான முதன்மையான காரணம். சாய்ந்து கிடக்கும் ஞானப்பல், முன்னால் இருக்கும் நல்ல பல்லின் பின்புறத்தில் சொத்தை உண்டாக்குவது அடுத்த காரணம். வலியே இல்லாமல் நல்ல பல் ஒன்று கெட்டுக்கொண்டிருக்கும். புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்வதும் உண்டு. அதை எக்ஸ்ரே மட்டுமே காட்டும்.

பயமுறுத்துவதற்காக இல்லை, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். கீழ்க் கடைவாய்ப் பல்லில் தோன்றும் சீழ், தாடைக்கு அடியில் இறங்கி நாக்கின் அடிப்பகுதி முழுவதும் பரவக்கூடும். நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழாய் அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-இல் விவரித்த இந்த நிலை, இன்றும் உயிரைப் பறிக்கக் கூடியது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல்போல இறுகி வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், பேச்சு குழறினால் பல் மருத்துவமனைக்கு நேரம் குறித்துக் காத்திருக்கக் கூடாது. பக்கத்துப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்த நிமிடமே போக வேண்டும். வலிக்கிற இடத்தில் புகையிலையை அதக்குவதும், எருக்கம்பால் விடுவதும் ஈற்றைப் புண்ணாக்கும். வீங்கிய கன்னத்தில் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் சீழ் தோல் பக்கமாக வழி தேடிக்கொள்ளக்கூடும். இந்த மூன்றையும் வீட்டில் பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள், அன்போடேயே மறுத்துவிடுங்கள்.

ஞானப்பல் அல்லாத கடைவாய்ப் பற்களுக்கும் சில நேரம் அறுவை தேவைப்படும். சொத்தையில் மேல்பகுதி முழுவதும் உடைந்து வேர் மட்டும் ஈற்றுக்குள் நின்றால் குறடு பிடிக்க இடமிருக்காது. வேர் சிகிச்சை செய்து பல ஆண்டுகளான பல் ஈரப்பசை இழந்த சுள்ளிபோல ஆகியிருக்கும், பிடித்தால் நொறுங்கும். வேர் நுனி வளைந்தோ உருண்டோ இருக்கலாம், எலும்போடு ஒட்டிப்போயிருக்கலாம். எல்லாவற்றிலும் செய்யும் வேலை ஒன்றுதான், அளவு மட்டுமே மாறும்.

நாற்காலியில் சாயும் முன்

முதலில் எக்ஸ்ரே. கடைவாய்ப் பல் அறுவைக்கு, இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரேயை எடுப்பது வழக்கம். நின்றபடி முகவாயை ஒரு தாங்கியில் வைத்தால், கருவி தலையைச் சுற்றி வந்து படம் பிடித்துவிடும். வாய்க்குள் பிலிம் எதுவும் வைப்பதில்லை. அந்தப் படத்தில் பல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கிறோம். 1926-இல் ஜார்ஜ் வின்டர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்துக்கொடுத்த முறைதான் இன்றும் எங்களுக்குக் கைகொடுக்கிறது: முன்பக்கம் சாய்ந்தது, நேராக நிற்பது, படுத்துக் கிடப்பது, பின்பக்கம் சாய்ந்தது. கீழ்த்தாடையில் முன்பக்கம் சாய்ந்த பல்தான் அதிகம். பின்பக்கம் சாய்ந்தது பார்வைக்குச் சாதுவாக இருக்கும், எடுக்கும்போதுதான் அதன் பிடிவாதம் தெரியும். அது நகர வேண்டிய வழியில் தாடை எலும்பு மேலேறி நிற்கிறது.

படத்தில் பார்க்கும் இரண்டாவது விஷயம் நரம்பு. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சிறு குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அதில் செல்கிறது. ஞானப்பல்லின் வேர் சில நேரம் இந்தக் குழாயை உரசிக்கொண்டு நிற்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுத்து உறுதிசெய்துகொள்கிறோம். வேர் நரம்போடு மிகவும் நெருங்கியிருந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிடும் முறையும் இருக்கிறது. "வேரை விட்டுவிட்டாரே" என்று அதைக் குறையாக நினைக்க வேண்டாம். உதட்டின் உணர்ச்சியைக் காப்பாற்றத் தெரிந்தே எடுக்கும் முடிவு அது.

நீங்கள் சாப்பிடும் மருந்துகளைப் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட், வால்வு, ஆஸ்துமா, கர்ப்பம், முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டு வரக் கூடாது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தவே தேவையில்லை. மற்றவற்றை இதய மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ போடும் சில ஊசிகள், பல் எடுத்த இடத்தில் எலும்பு ஆறாமல் செய்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசி என்பதால் பலர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பழைய மருந்துச் சீட்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவது எல்லாவற்றிலும் நல்லது.

ஆபரேஷன் என்றாலே வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்து, தாராபுரத்திலிருந்தும் வெள்ளக்கோவிலிலிருந்தும் காலை பஸ்ஸில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். இடத்தை மட்டும் மரக்கச்செய்து எடுப்பதற்குச் சாப்பிட்டுத்தான் வர வேண்டும். பசியும் பயமும் சேர்ந்தால் ஊசி போட்டதும் மயக்கம் வரும். வழக்கமான மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வாருங்கள். முழு மயக்கம் கொடுத்து எடுப்பதாக முன்பே சொல்லியிருந்தால் மட்டும்தான் பட்டினி.

மரக்கச்செய்வதும் பல் வெளிவருவதும்

எல்லோரும் பயப்படும் ஊசி இங்கேதான் வருகிறது. அதற்குள் இருப்பது லிக்னோகெய்ன். 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் என்ற வேதியியலாளர் உருவாக்கிய மருந்து இது. நரம்பின் வழியே ஓடும் வலிச் செய்தியை இது தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறது. அதோடு சிறிதளவு அட்ரினலின் சேர்த்திருக்கும். அந்த இடத்து ரத்தக் குழாய்களை அது சுருக்குவதால் ரத்தம் குறைவாக வரும், மரப்பும் நீண்ட நேரம் நிற்கும். ஊசி போட்டதும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம். அது அட்ரினலினால், தானாக அடங்கிவிடும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசியைப் பல்லின் அருகில் போட்டால் போதாது, கீழ்த்தாடை எலும்பு அவ்வளவு கெட்டி. நரம்பு தாடைக்குள் நுழைகிற வாசலருகே, வாயின் பின்பகுதியில் போடுகிறோம். ஐந்து நிமிடத்துக்குள் அந்தப் பக்கத்துக் கீழுதடு தடித்ததுபோலத் தோன்றும். உதடு பாதி மரத்திருந்தால், "மரத்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம், இன்னொரு ஊசி போடலாம். சீழ் பிடித்த இடத்தில் மருந்து சரியாக வேலை செய்யாது. வீக்கம் அதிகமாக இருக்கும்போது சில நாள் மருந்து கொடுத்து அடக்கிவிட்டுப் பிறகு எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்த பிறகும் சில உணர்வுகள் மிச்சமிருக்கும். அழுத்துவது தெரியும். அதிர்வு தெரியும். கருவியின் சத்தம் எலும்பின் வழியே காதுக்குள் நேராகக் கேட்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதைவிட உங்களுக்குப் பெரிதாகக் கேட்கும். பல் பிளக்கும்போது "டக்" என்று ஓர் ஓசை வரும், தாடை உடைந்துவிட்டதோ என்று தோன்றும். உடைந்தது பல், உடைக்க வேண்டும் என்றே உடைத்தது. இவை எதுவும் வலி அல்ல. சுரீரென்ற கூர்மையான வலி வந்தால் இடது கையைத் தூக்குங்கள். மருத்துவர் நிறுத்துவார், மருந்து கூட்டுவார். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கம், குறிப்பாகக் காட்டு வேலை செய்த பெரியவர்களுக்கு. இங்கே பொறுக்க வேண்டிய தேவையே இல்லை.

இனி அறுவை. ஈற்றில் சிறிய கீறல் ஒன்று போட்டு, எலும்பின் மேலிருந்து அதை ஒரு மடல்போல விலக்குகிறோம். கீறல் பின்னோக்கிப் போகும்போது கன்னத்தின் பக்கமாகச் சாய்ந்துபோகும். காரணம், நாக்குப் பக்கத்தில் நாக்குக்கு உணர்ச்சியும் சுவையும் தரும் நரம்பு ஈற்றை ஒட்டியே ஓடுகிறது. மடலை விலக்கியதும் பல்லின் தலையோ அதை மூடிய எலும்போ கண்ணுக்குத் தெரியும்.

பிறகு, சுழலும் சிறிய கூர்முனைக் கருவியால் பல்லைச் சுற்றிக் கன்னத்துப் பக்கமும் பின்பக்கமும் எலும்பில் ஒரு வாய்க்கால் வெட்டுகிறோம். இந்த நேரம் முழுவதும் உப்புநீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். உதவியாளர் உறிஞ்சிக்கொண்டே இருப்பார். வாயில் தண்ணீர் நிறைகிறதே என்று பலர் சங்கடப்படுகிறார்கள். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் உராய்வில் எலும்பு சூடாகும். 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பின் உயிரணுக்கள் கெடத் தொடங்கும். மூக்கால் மூச்சு விடுங்கள், தண்ணீர் தொண்டைக்குப் போகாது. சொத்தை அடைக்கப் பயன்படும் காற்றில் சுழலும் வழக்கமான கருவியை இங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் ஒரு விதி. அதிலிருந்து வரும் காற்று ஈற்றுக்கு அடியில் புகுந்து முகமே ஊதிவிடும். அறுவைக்கென்று தனிக் கருவி இருக்கிறது.

வாய்க்கால் வெட்டியதும் பல் அசைந்து கொடுத்தால் நெம்பி எடுத்துவிடலாம். அசையாவிட்டால் பல்லை வெட்டுகிறோம். இதைத்தான் நோயாளிகள் கொடூரமாகக் கற்பனை செய்கிறார்கள். எனக்கோ அறுவை முழுவதிலும் மிகவும் இரக்கமான கட்டம் இதுதான் என்று தோன்றுகிறது. எவ்வளவு பல்லை வெட்டுகிறோமோ அவ்வளவு எலும்பு உங்களிடம் மிஞ்சுகிறது. எலும்பு உங்களுக்கு வேண்டியது. அந்தப் பல் எப்படியும் போகப்போவது. முன்பக்கம் சாய்ந்த பல்லை இரண்டு வேருக்கும் நடுவே பிளந்து, பின்பாதியை முதலில் எடுத்து, கிடைத்த இடத்தில் முன்பாதியைப் பின்னுக்கு நகர்த்தி எடுக்கிறோம். படுத்துக் கிடக்கும் பல்லில் தலையையும் வேரையும் பிரித்து, தலையை முதலில் எடுத்துவிட்டு, வேரை அந்தக் காலி இடத்துக்கு உருட்டி வெளியே கொண்டுவருகிறோம். வெட்டும்போது நாக்குப் பக்கம்வரை முழுவதுமாக வெட்டாமல் கொஞ்சம் விட்டுவைத்து, நெம்பி முறிப்போம். அங்கே அந்த நரம்பு காத்திருக்கிறது அல்லவா.

பல் வந்த பிறகு குழியைச் சுத்தம் செய்ய வேண்டும். பல்லைச் சூழ்ந்திருந்த பை, எலும்புத் தூள், கூரான விளிம்பு எல்லாவற்றையும் நீக்கி, உப்புநீரால் நன்றாகக் கழுவி, மடலைப் பழைய இடத்தில் வைத்து இரண்டு மூன்று தையல் போடுகிறோம். கறுப்புப் பட்டு நூல் என்றால் ஒரு வாரத்தில் வந்து பிரித்துக்கொள்ள வேண்டும். கரையும் நூல் தானாக உதிர்ந்துவிடும். எளிதான பல்லுக்கு 20 நிமிடமும், கடினமானதற்கு ஒரு மணி நேரம்வரையும் ஆகலாம்.

மேல் ஞானப்பல் பொதுவாக இதைவிட லேசு. மேல்தாடை எலும்பு மென்மையானது. ஊசியும் பல்லின் பக்கத்திலேயே. ஆனால் வேருக்கு மேலே, கன்ன எலும்புக்குள் காற்றறை ஒன்று இருக்கிறது. சில நேரம் பல் எடுத்ததும் அதற்குள் வழி திறந்துகொள்ளும். குடித்த தண்ணீர் மூக்கில் வருவது அதன் அறிகுறி. அப்படியானால் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்தவோ வாயை மூடித் தும்மவோ கூடாது. பெரிய துவாரமாக இருந்தால் மருத்துவர் ஈற்றை இழுத்து மூடித் தைப்பார். ஞானப்பல்லுக்கு முன்னால் உள்ள மேல் கடைவாய்ப் பற்கள் உடைந்திருந்தால், மூன்று வேரையும் தனித்தனியாகப் பிரித்து எடுப்பார்கள். கீழ்ப் பல் என்றால் இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றாக.

மேல் பல்லை எடுத்தால் கண்பார்வை போய்விடும் என்ற பேச்சு இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறது. பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. பல்லுக்கான நரம்பு, முகத்தின் தொடு உணர்ச்சிக்கான வேறொரு நரம்பின் கிளை. இரண்டும் தனித்தனி. வயதானவர்களுக்குப் பல் விழும் வயதும் கண்புரை வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் இந்த எண்ணம் வந்திருக்க வேண்டும். இந்தப் பேச்சை நம்பி, சீழ் பிடித்த மேல் பல்லை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு அவதிப்படும் பாட்டிகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

வீட்டுக்குப் போன பிறகு

அறுவையின் பாதி வெற்றி அடுத்த மூன்று நாளில் இருக்கிறது. குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்க வேண்டும். புது எலும்புக்கும் ஈறுக்கும் அதுதான் அஸ்திவாரம். வைத்துவிட்ட பஞ்சுத் துணியை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கடியுங்கள். எச்சிலைத் துப்பாதீர்கள், விழுங்குங்கள். எச்சிலில் கொஞ்சம் ரத்தம் கலந்தாலும் வாய் முழுக்க ரத்தம்போலத் தெரியும். துப்பத் துப்ப அந்தக் கட்டி பெயர்ந்து இன்னும் வரும். இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே வேண்டாம். அதன் பிறகு வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்து வெளியே விடுங்கள்.

முதல் நாள் கன்னத்தின் வெளியே ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் எடுத்து வையுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். "நேற்றைவிட இன்று அதிகமாக வீங்கிவிட்டது" என்று அலைபேசியில் பதறுபவர்கள் நிறைய. மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கினால் கவலை இல்லை. வாய் முழுதாகத் திறக்க ஒரு வாரமாகலாம். தேர் நோம்பியோ கல்யாணமோ ஒரு வாரத்துக்குள் இருந்தால் அதற்கு முன்பு எடுத்துக்கொள்ளாதீர்கள். விருந்தில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பது வருத்தம் தரும். தறிப்பட்டறையிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள் இரண்டு மூன்று நாள் விடுப்புக்கு ஏற்பாடு செய்துகொண்டு வருவது நல்லது. பைக்கில் தனியாக ஓட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டாம், கூட ஒருவரை அழைத்து வாருங்கள்.

சாப்பாட்டில் நம் பக்கத்துச் சமையல் மிகவும் உதவும். மரப்பு நீங்கும்வரை எதையும் மெல்லாதீர்கள். உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது. முதல் நாளுக்கு ஆறிய கம்பங்கூழ், மோர் கரைத்தது, மிளகாய் இல்லாமல். ராகிக் களி மெல்லாமல் விழுங்கும் உணவு, சூடு ஆறிய பிறகு அருமையாகப் பொருந்தும். சந்தகையைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். அடுத்த நாளிலிருந்து குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு சாதம் நெய் விட்டுப் பிசைந்து, மறுபக்கம் வைத்துச் சாப்பிடலாம். நிலக்கடலை, எள், முறுக்கு, கடுகு தாளித்த பொரியல் இவற்றை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். குழிக்குள் ஒரு கடுகு போனால் எடுப்பது பெரும்பாடு.

புகையும் புகையிலையும் இந்தக் காலத்தில் கூடவே கூடாது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாம்தான். ரத்தக் குழாய்கள் சுருங்கி, குழியிலிருக்கும் ரத்தக் கட்டி கரைந்து, எலும்பு வெறுமையாகத் திறந்துவிடும். எடுத்த இரண்டு முதல் நான்கு நாளில் வலி திடீரென்று திரும்பி, காதுவரை இழுத்து, வாய் நாற்றம் வந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். கீழ்த்தாடையில் இது அதிகம். வலி கடுமையாக இருந்தாலும் ஆபத்தானது இல்லை. குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெய் கலந்த மருந்தை வைத்தால் சில மணி நேரத்தில் நிம்மதி வரும். வீட்டில் மாத்திரையை விழுங்கிக்கொண்டு காத்திருப்பதில் பயன் இல்லை.

உதடு மரப்பு ஊசி போட்ட சில மணி நேரத்தில் போய்விட வேண்டும். மறுநாளும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நரம்பு நெரிபட்டிருக்கலாம், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடுகிறது. நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அரை மணி நேரம் இறுக்கிக் கடித்தும் நிற்காத ரத்தம், காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், விழுங்கச் சிரமம் ஆகியவற்றுக்கு உடனே திரும்பி வர வேண்டும்.

எங்கே போவது என்று கேட்கிறார்கள். சிக்கலான பல்லுக்கு, வாய் மற்றும் முக அறுவையில் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்தவர்கள் இருக்கிறார்கள். பல சிறிய கிளினிக்குகளுக்கு அவர்கள் குறிப்பிட்ட நாளில் வந்து அறுவை செய்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ, கோவை, சேலம், திருச்செங்கோடு, குமாரபாளையம் பகுதிகளில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளுக்கோ போகலாம். கல்லூரியில் காத்திருக்கும் நேரம் கூடும். ஆனால் பேராசிரியர்களின் மேற்பார்வையில் வேலை நடக்கும்.

ஈறு மூன்று நான்கு வாரத்தில் மூடிவிடும். உள்ளே எலும்பு நிரம்ப ஆறு மாதம்வரை ஆகும். அதுவரை குழியில் சோறு தங்கினால் மருத்துவர் கொடுக்கும் வளைந்த முனைச் சிரிஞ்சால் உப்புநீர் பாய்ச்சிக் கழுவிக்கொள்ளலாம். ஞானப்பல் போன இடத்தில் வேறு பல் கட்ட வேண்டியதில்லை. முதலாவது, இரண்டாவது கடைவாய்ப் பற்கள் போன இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிடக் கூடாது. பக்கத்துப் பல் அந்த இடைவெளியில் சாயும், எதிர்ப் பல் அதற்குள் இறங்கும். தையல் பிரிக்க வரும் அன்றே, அந்த இடத்தில் எப்போது எந்த வகைப் பல் வைக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.